இரவல் கோடரி



இந்த வாரம் தியானிக்கும்படி 2 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை உங்கள் முன் வைக்கிறேன். வேதாகமத்தைத் திறந்து அப்பகுதியை ஒருமுறை நிதானமாக வாசித்துவிட்டு மேலே தொடருங்கள். ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்தே நாம் அறிந்த சம்பவம் அது. இரும்பு நீரில் மிதந்த அற்புதம் என்று அதை நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த அற்புதம் எந்த வேலையின் நடுவில் நிகழ்ந்தது என்பதைக் கவனிப்பவர் சிலரே. மாணவர்கள் தங்களுக்கென ஒரு விடுதி கட்டுவதற்காக மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

தீர்க்கதரிசிகளின் புத்திரர் என்று வேதம் அழைப்பது எலிசாவிடம் பயின்ற மாணவர் கூட்டத்தை. அவர்கள் குடியிருந்த இடம் நெருக்கமாகிவிட்டது. புதிய இடம் வேண்டுமென்று ஆசிரியரிடம் வந்தார்கள். ராஜாவிடம் மானியம் கேட்கவில்லை; ஊராரிடம் வரி தண்டவும் இல்லை. யோர்தான் கரைக்குப் போய் ஆளுக்கோர் உத்திரம் வெட்டிக்கொண்டு வருகிறோம், உத்தரவு தாரும் என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவன் ஆசிரியரையும் உடன் வரும்படி வேண்டிக்கொண்டான், அவரும் சென்றார். மரம் வெட்டுகையில் ஒருவனுடைய கோடரி கழன்று ஆற்றில் விழுந்தது. அவன் கதறினான். வேலை நின்றுபோயிற்றே என்பதற்காக அவன் கதறவில்லை. அந்தக் கோடரி இரவல் வாங்கியது. அதுவே அவனுடைய துயரம்.

பிரியமானவர்களே, கல்வியைக் குறித்த ஒரு பெரிய உண்மை இந்தச் சிறிய சம்பவத்தில் அடங்கியிருக்கிறது. படிக்கிறவன் கையில் இருப்பதெல்லாம் இரவல். அவன் அமரும் பலகை, எழுதும் தாள், தங்கும் கூரை, ஒதுங்கும் நிழல் யாவும் தனக்கு முன் வாழ்ந்தவர்களிடமிருந்தும், தான் ஒருபோதும் பார்த்திராத நிலத்திலிருந்தும் பெற்றவை. யாரிடமிருந்து பெற்றோம் என்று அறிந்திருப்பதும், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று மனம் பதறுவதும் கல்வியில் பாதி. அந்தப் பாதியை இன்றைய கல்லூரி வாழ்க்கை பெரும்பாலும் கைவிட்டுவிட்டது என்பதே என் கருத்து. நம் திண்டுக்கல் மாவட்டத்து மலைமேல் நிற்கும் பைன் மரங்களைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறேன்.

இரண்டு வகை மரவெட்டு

வேதாகமத்தில் மரம் வெட்டும் காட்சிகள் பல உண்டு. அவற்றுள் மிகப் பெரியது சாலொமோனுடையது. ஆலயம் கட்டுவதற்காக அவன் 30,000 பேரை ஊழிய வேலைக்குப் பிடித்து, மாதத்துக்கு 10,000 பேராக முறை வைத்து லீபனோனுக்கு அனுப்பினான் என்று 1 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரம் கூறுகிறது. தீருவின் ராஜாவாகிய ஈராம் கேதுரு மரங்களையும் தேவதாரு மரங்களையும் தெப்பங்களாகக் கட்டிக் கடல் வழியே அனுப்பினான். ஆலயம் மகிமையாக எழும்பியது. ஆனால் அந்த மனிதரின் நுகத்தடி மறக்கப்படவில்லை. சாலொமோனின் மகன் காலத்தில் ஜனங்கள் அந்தப் பாரத்தைச் சொல்லியே முறையிட்டார்கள். ஊழிய வேலைக்குத் தலைவனாயிருந்தவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். ராஜ்யம் இரண்டாகப் பிளந்தது.

லீபனோனின் மரங்களும் மறக்கவில்லை போலும். பாபிலோன் ராஜா விழுந்தபோது தேவதாரு மரங்களும் கேதுருக்களும் மகிழ்ந்தன, இனி எங்களை வெட்ட ஒருவனும் ஏறி வருவதில்லை என்று சொல்லிக்கொண்டன என ஏசாயா 14-ஆம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி பாடுகிறான். மரத்தின் பக்கத்தில் நின்று வரலாற்றைப் பார்த்த கண்கள் அவனுடையவை. ஒரு காலத்தில் மலை முழுவதும் போர்த்தியிருந்த லீபனோன் கேதுருக்கள் இன்று சில சிறிய தோப்புகளாகவே எஞ்சியுள்ளன.

இந்தப் பெரிய மரவெட்டின் அருகே எலிசாவின் மாணவர்களை நிறுத்திப் பாருங்கள். ஆளுக்கோர் உத்திரம். அளவு தெரிந்த தேவை. வெட்டியவனே சுமந்தான், சுமந்தவனே அதன் கீழ்க் குடியிருந்தான். ஆசிரியரும் உடன் நின்றார். கருவி இரவல் என்பது ஒவ்வொரு நொடியும் நினைவில் இருந்தது. மரத்தை எடுக்கவே கூடாது என்று வேதம் சொல்லவில்லை. எப்படி எடுக்கிறோம் என்பதையே அது கேட்கிறது.

நம் முன்னோரின் கல்வியும் மரத்தோடு நெருங்கியதுதான். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பனையோலையில் எழுதிப் பழகினான். அந்தப் பனை எந்த வயல் வரப்பில் நிற்கிறது என்பது அவனுக்குத் தெரியும். பின்னர்க் கல்லூரிகள் வந்தன. தேக்குப் பலகையில் செய்த நீண்ட பெஞ்சுகள் வந்தன. கப்பலில் சரக்கு அடைத்து வந்த மென்மரப் பெட்டியைக் கள்ளிப்பெட்டி என்று அழைத்து, அதையே புத்தக அலமாரியாக்கிக்கொண்ட மாணவர் தலைமுறையும் இருந்தது. பனையிலிருந்து தேக்குக்கும், தேக்கிலிருந்து எங்கோ வளர்ந்த ஊசியிலை மரத்துக்கும் வந்த இந்தப் பயணத்தில் ஒவ்வொரு படியிலும் மரம் நம் கண்ணை விட்டுத் தூரம் போயிற்று. மரம் மறைந்து பலகை மட்டும் மிஞ்சியது.

நம் மலைமேல் நிற்கும் பைன்

எரியோட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், பள்ளியிலோ கல்லூரியிலோ போன முதல் சுற்றுலா கொடைக்கானல் என்றே பலரும் சொல்வார்கள். கொடைக்கானலில் எதைப் பார்த்தாய் என்றால் ஏரி, தூண்பாறை, பைன் காடு என்று வரிசையாகச் சொல்வார்கள். நேராக உயர்ந்து நிற்கும் அந்த மரங்களின் நடுவே நின்று எடுத்த புகைப்படம் இல்லாத வீடு நம் சபையிலும் குறைவு. பெற்றோரின் பழைய ஆல்பத்திலும் அதே மரங்கள், பிள்ளைகளின் கைப்பேசியிலும் அதே மரங்கள். கல்லூரி வாழ்க்கை என்றதும் இரண்டு தலைமுறையினர் நினைவில் எழும் காடு அதுதான்.

அந்தக் காடு தானாக வளர்ந்ததன்று. 1906-ஆம் ஆண்டில் பிரையண்ட் என்ற வன அதிகாரி அங்கே பைன் நடவைத் தொடங்கினார். இன்று பிரையண்ட் பூங்கா என்று வழங்குவதும் அவர் பெயரால் அமைந்ததே. பழனி மலையில் பெரிதும் நடப்பட்ட பைன் இனம் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டது. அதனுடன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில், யூகலிப்டஸ் என்னும் தைலமரம் ஆகியவையும் மலையேறின. நாடு விடுதலை பெற்ற பின்னரும் பல பத்தாண்டுகள் இந்த நடவு தொடர்ந்தது. முன்னிலும் வேகமாகத் தொடர்ந்தது.

அவர்கள் ஏன் நட்டார்கள்? அன்றைய தேவைகளை நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராகப் பொறுப்பேற்றவர் கிளெகார்ன் என்னும் மருத்துவர். அவர் காலத்தில் இரயில் பாதைகளுக்கான குறுக்குக் கட்டைகளுக்காகவும், எஞ்சின்களின் விறகுக்காகவும் காடுகள் வேகமாக வெட்டப்பட்டன. 1875-இல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இரயில் வந்தது. மலைவாசத்துக்குச் சென்ற குடும்பங்களுக்கும் விறகு தேவைப்பட்டது. மலைச் சோலைகள் அழியாதிருக்க வேண்டுமானால் விரைந்து வளரும் வேறு மரங்கள் வேண்டும் என்று கருதினார்கள். பின்னாளில் காகிதக் கூழுக்கு மென்மரமும், தோல் பதனிட வாட்டில் பட்டையும் தேவைப்பட்டன. தோல் பதனிடும் தொழிலை அறிந்த திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சமவெளியின் ஆவாரம்பட்டை செய்துவந்த வேலையை மலைமேல் வளர்ந்த அயல்மரத்தின் பட்டை ஏற்றுக்கொண்டது.

நட்டவர்கள் பொல்லாதவர்களாக இருக்கவில்லை. ஆயினும் அவர்கள் பயின்ற கல்வி ஒரு கேள்வியை மட்டுமே கேட்கக் கற்பித்தது. 1864-இல் ஜெர்மானியரான பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார். 1878-இல் டேராடூனில் வனப் பள்ளி தோன்றியது. கோயம்புத்தூரில் 1902-இல் கேஸ் வன அருங்காட்சியகமும், 1912-இல் சென்னை வனக் கல்லூரியும் எழுந்தன. மரங்களின் குறுக்குவெட்டுகளை அடுக்கிவைத்து, வகை பிரித்து, வலிமை அளந்து கற்பித்த அந்தக் கல்வி அரிய அறிவைத் தந்தது. அதன் நடுவில் நின்ற கேள்வி, இந்த நிலம் எத்தனை கன அடி மரம் தரும் என்பது. அந்தக் கேள்வியோடு பழனி மலைமேல் ஏறிய ஒருவன் கண்ணுக்கு அங்கே பரந்து கிடந்த புல்வெளிகள் எப்படித் தெரிந்திருக்கும்? மரம் இல்லாத வெற்று நிலமாகவே தெரிந்தன. அரசுப் பதிவேடுகளிலும் அத்தகைய நிலத்துக்குத் தரிசு என்றே பெயர்.

புல்லின் மேல் எழுந்த காடு

பிரியமானவர்களே, அந்தப் புல்வெளி தரிசாக இருந்ததில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில் மடிப்புகளில் சோலையும், மேடுகளில் புல்லுமாகத் தேவன் ஒரு நிலத்தை அமைத்தார். மழை அங்கே விழும்போது புல்லின் வேரும் சோலையின் மட்கும் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்த மாதங்களிலும் சிறுகச் சிறுக ஓடைகளுக்குக் கொடுக்கின்றன. பழனி மலையின் ஒவ்வொரு சரிவும் ஓர் ஆற்றுக்குத் தாய். வடக்கே பாலாறும் பொருந்தலாறும் வரதமாநதியும் இறங்குகின்றன. தெற்கே மஞ்சளாறு வைகையை நாடிப் போகிறது. கிழக்குச் சரிவுகளில் பிறக்கும் குடகனாறு ஆத்தூர் காமராஜர் அணையைக் கடந்து, தாடிக்கொம்பு, வேடசந்தூர் வழியாக நம் பக்கத்துச் சமவெளிக்கு வந்து, கரூர்ச் சீமையில் அமராவதியோடு கலக்கிறது. திண்டுக்கல் நகரம் குடிக்கும் நீரில் ஆத்தூர் அணையின் பங்கு உண்டு. ஆகவே மலைமேல் நிகழ்வது மலைவாசிகளுக்கு மட்டுமான செய்தியன்று.

பழனி மலையின் நிலப்பரப்பைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகக் காட்டியது. பைன், வாட்டில், தைலமரத் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. பக்கத்து நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் புல்வெளியில் தைலமரம் நட்டு, ஓடைநீரைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். முதல் பத்தாண்டில் நீரோட்டம் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. அந்த மரங்களை வெட்டி, மறுதாம்பு வளர்ந்த அடுத்த பத்தாண்டில் சுமார் 25 விழுக்காடு குறைந்தது. அந்த அளவீடு தைலமரத்தைப் பற்றியது. ஆனாலும் அது தரும் பாடம் பொதுவானது: வெற்றிடம் என்று நினைத்து நாம் நடும் ஒவ்வொரு மரமும் யாருடைய தண்ணீரிலிருந்தோ குடிக்கிறது.

மலைமேல் பைன் என்றால், கீழே நம் கண்முன் இருப்பது சீமைக்கருவேலம். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த விருந்தாளிதான். விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கவும் வறண்ட நிலத்தை மூடவும் நல்லெண்ணத்தோடு பரப்பப்பட்டது. இன்று எரியோட்டிலிருந்து வேடசந்தூர் போகும் வழியில் குளத்தையும் ஓடையையும் பாருங்கள். யாரும் நடாமலே அது ஆட்சி செய்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே தலையிட்டு அதை அகற்ற உத்தரவிடும் நிலை வந்தது. அதே மரத்தின் கரியை நம்பிப் பிழைத்த ஏழைக் குடும்பங்களும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. முன் தலைமுறை விட்டுச்சென்ற மரம் நன்மையையும் தீமையையும் ஒரே கிளையில் காய்க்கிறது. அதனால்தான் நிந்திப்பதும் எளிதாக இல்லை, புகழ்வதும் எளிதாக இல்லை. புரிந்துகொள்ளப் படிக்க வேண்டியிருக்கிறது.

வேறு கேள்வி கேட்ட கல்லூரிகள்

அதே பழனி மலையில் வேறொரு கேள்வியைக் கேட்கக் கற்பித்த கல்லூரியும் இருந்தது என்பது தேவனுடைய கிருபை. கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் நம் கத்தோலிக்கச் சகோதரர்களான இயேசு சபையார் 1895-இல் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். குருத்துவத்துக்குப் பயின்ற மாணவர்கள் அங்கே தத்துவமும் இறையியலும் படித்தார்கள். விடுமுறை நாட்களில் மலையில் நடந்தார்கள். நடந்தவர்கள் கண்ணைத் திறந்து நடந்தார்கள். பிரான்சிலிருந்து வந்த ஆங்லாட் அடிகளார் அம்மலையின் செடிகளை ஒன்றன்பின் ஒன்றாக வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். ஃபோரோ அடிகளார் பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் பாசிகளைச் சேகரித்து வகைப்படுத்தினார். எவரும் விலை கொடுத்து வாங்காத பாசியைக் குறித்து ஒரு மனிதன் தன் வாழ்நாளைச் செலவழித்தான் என்றால், அவன் கேட்ட கேள்வி இதுதான்: இங்கே ஏற்கெனவே இருப்பது யார்?

அந்த மரபில் வந்தவர் மேத்யூ அடிகளார். கொடைக்கானலுக்கு அயல்நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த தாவரங்களைத் தனியே கணக்கெடுத்து 1969-இல் ஒரு நூலாக வெளியிட்டார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர்தாவரகத்தை நிறுவினார். பழனி மலையின் தாவரங்கள் அனைத்தையும் குறித்த அவருடைய பெரிய நூல் 1999-இல் வெளிவந்தது. எது மண்ணுக்குரியது, எது வந்து சேர்ந்தது என்று இன்று எவராவது உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், அதற்குப் பின்னால் இந்தக் கல்லூரி மனிதர்களின் நூறாண்டு நடை இருக்கிறது.

நம்முடைய சபைகளின் மரபிலும் சாட்சி உண்டு. 1837-இல் பள்ளியாகத் தொடங்கிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, 1937-இல் நகரத்து நெருக்கடியை விட்டுத் தாம்பரத்துக்குச் சென்றது. இடம் நெருக்கமாகிவிட்டது என்ற எலிசாவின் மாணவர்களின் முறையீடு நினைவுக்கு வருகிறதல்லவா? சேலையூர்க் காட்டின் ஒரு பகுதி அதற்கு வளாகமாகக் கிடைத்தது. அதை மொட்டையடித்துக் கட்டடங்களால் நிரப்பியிருக்கலாம். ஆனால் புதர்க்காட்டின் பெரும்பகுதியை அப்படியே இருக்கவிட்டார்கள். வேதியியல் பேராசிரியரான எட்வர்ட் பார்ன்ஸ் தம் மனைவி ஆலிஸுடன் சேர்ந்து செடிகளைப் படித்தார், மரங்களை நட்டார், வளர்த்தார். இன்று அந்த வளாகத்தில் புள்ளிமான்கள் உலவுகின்றன. தம் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று அவர் ஒதுங்கியிருந்தால் அந்த நிழலில் பாதி இருந்திராது.

நம் அருகிலேயே சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் 1956-இல் தோன்றிய காந்திகிராம கிராமியக் கல்வி நிறுவனம், உடலுழைப்பையும் கிராமப் பணியையும் படிப்பின் அங்கமாக வைத்தது. ஆளுக்கோர் உத்திரம் என்ற அந்தப் பழைய ஒழுங்கின் சாயல் அங்கேயும் தெரிகிறது.

பைன் மரத்தை வெட்டிவிடலாமா?

இவ்வளவும் வாசித்த ஒருவர், அப்படியானால் அயல்மரங்களையெல்லாம் உடனே வெட்டிச் சாய்க்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். இளைஞர்கள் அப்படிக் கேட்பது இயல்பு. ஆனால் அவசரக் கோடரி இன்னொரு தவற்றுக்கு வழி செய்யும். வாட்டில் தோப்பை வெட்டினால், மண்ணுக்குள் பல்லாண்டுகளாக உறங்கும் அதன் விதைகள் வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கின்றன. முதிர்ந்த பைன் நிழலின் கீழோ, சில இடங்களில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே எழும்புவதை அம்மலையை நெருங்கிப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அயல்மரம் நாட்டு மரத்துக்குச் செவிலியாக நிற்கிறது. எஞ்சியிருக்கும் புல்வெளியில் இனி பரவாதபடி இளங்கன்றுகளைப் பிடுங்குவது ஒரு வேலை. சோலை திரும்பும் இடத்தில் கைவைக்காமல் பொறுத்திருப்பது வேறொரு வேலை. எந்த இடத்தில் எதைச் செய்வது என்று அறிவதற்குத்தான் படிப்பு வேண்டும்.

எலிசா என்ன செய்தான் என்று கவனியுங்கள். கோடரியைத் தொலைத்தவனை அவன் கடிந்துகொள்ளவில்லை. எங்கே விழுந்தது என்று முதலில் கேட்டான். மாணவன் இடத்தைக் காட்டினான். பின்பு எலிசா ஒரு சிறு கொம்பை வெட்டி அங்கே எறிந்தான், இரும்பு மிதந்தது. எடுத்துக்கொள் என்று சொல்லி, மாணவனையே கைநீட்டி எடுக்க வைத்தான். இழப்பு நேர்ந்த இடத்தைச் சரியாகக் காட்டுவது மாணவனின் பங்கு. மிதக்கச் செய்வது தேவனுடைய பங்கு. கைநீட்டி எடுத்து உரியவனிடம் சேர்ப்பது மறுபடியும் மாணவனின் பங்கு. இந்த மூன்றில் முதலாவதும் கடைசியும் நம்மிடம் இருக்கின்றன. எங்கே விழுந்தது என்று காட்டத் தெரியாத தலைமுறை எதை மீட்கும்?

நான் கேட்டுக்கொள்ளும் மூன்று காரியங்கள்

முதலாவது, கல்லூரிகளையும் பள்ளிகளையும் நடத்துகிறவர்களுக்கு. பைன் காட்டுக்குப் பிள்ளைகளைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அங்கே நின்று இந்த மரம் எங்கிருந்து வந்தது, இதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்று பத்து நிமிடம் சொல்லக்கூடிய ஓர் ஆசிரியர் உடன் வரட்டும். எலிசா யோர்தானுக்குப் போனதுபோல ஆசிரியர் போகட்டும். திரும்பும் வழியில் செண்பகனூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, சபைகளுக்கு. 1950-இல் தொடங்கிய வனமகோத்சவ வழக்கத்தை நாமும் கைக்கொள்கிறோம். ஆண்டுதோறும் ஆலய வளாகத்தில் குழி தோண்டுகிறோம், கன்றைப் பிடித்துப் படம் எடுக்கிறோம். பல இடங்களில் சென்ற ஆண்டின் குழியிலேயே இந்த ஆண்டின் கன்றும் நடப்படுகிறது. நடுவதற்கு முன் நிலத்தைக் கேளுங்கள். எரியோட்டின் வறண்ட மண் அறிந்த மரங்கள் உண்டு: வேம்பு, புங்கை, இலுப்பை, உசிலை, வெள்வேல், வரப்பில் பனை, வேலியில் ஆவாரை. ஐம்பது கன்று நட்டு ஐந்தைக் காப்பதை விட, பத்து நட்டுப் பத்தையும் இரண்டு கோடைகள் தாண்டக் காப்பது மேல். கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் பேரிலும் ஒரு கன்று என்று வைத்துக்கொண்டால், அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அந்தக் குடும்பத்தின் ஜெபத்தோடு சேர்ந்து வளரும். ஆலயத்துக்குப் புதிய பெஞ்சு செய்யும்போதும் பழைய பலகையைத் தள்ளிவிடாதீர்கள். இழைத்துப் பாருங்கள், தாத்தா காலத்துத் தேக்கு உள்ளே அப்படியே இருக்கும்.

மூன்றாவது, இந்த ஆண்டு கல்லூரிக்குள் காலடி வைக்கும் தம்பி தங்கைகளுக்கு. நம் பகுதியில் நூற்பாலை வேலையை நம்பி வாழும் வீடுகளிலிருந்து நீங்கள் முதல் பட்டதாரிகளாகப் போகிறீர்கள். உங்களுக்காக அம்மா இரவு ஷிப்டு பார்த்திருக்கிறாள், அப்பா கடன் வாங்கியிருக்கிறார். அந்தக் கோடரி இரவல் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த உணர்வை இன்னும் சற்று அகலமாக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். நீங்கள் அமரும் பெஞ்சு ஒரு மரத்தின் கடன். நீங்கள் குடிக்கும் தண்ணீர் ஒரு மலையின் கடன். எந்தப் பாடம் எடுத்தாலும், உங்கள் கல்லூரி வளாகத்தில் நிற்கும் பத்து மரங்களின் பெயரையாவது தெரிந்துகொள்ளுங்கள். பெயர் தெரிந்த ஒன்றை அலட்சியமாக வெட்ட மனம் வராது. முதல் மனிதனுக்குத் தேவன் கொடுத்த முதல் பாடமே, தன்னைச் சுற்றியிருந்த ஜீவன்களுக்குப் பெயரிடுவதுதானே!

நாளை உங்களில் ஒருவர் வன அலுவலராகலாம், பொறியாளராகலாம், மரக்கடை வைக்கலாம், ஊராட்சி மன்றத்தில் அமரலாம். இந்த நிலம் எவ்வளவு தரும் என்ற கேள்வி உங்கள் மேசைக்கு வரும். அதைக் கேட்பதில் தவறில்லை. அதற்கு முன்பாக, இங்கே ஏற்கெனவே இருப்பது யார், இதை நம்பியிருப்பது யார் என்று கேட்டுவிட்டால் போதும். நூறு ஆண்டுக்குப் பின் சமவெளியில் தண்ணீர் மொள்ளும் ஒரு பெண், உங்கள் பெயர் தெரியாமலே உங்களால் ஆசீர்வதிக்கப்பட்டிருப்பாள்.

ஜெபம் செய்வோம்.

பூமியையும் அதன் நிறைவையும் உடைய ஆண்டவரே, எங்கள் கையில் இருப்பவை உம்முடையவை. முன் தலைமுறையினர் எங்களுக்காக நட்டவற்றுக்காகவும், வெட்டாமல் விட்டுவைத்தவற்றுக்காகவும் உம்மைத் துதிக்கிறோம். கல்லூரிகளுக்குச் செல்லும் எங்கள் பிள்ளைகளுக்குப் பார்க்கிற கண்களைத் தாரும். இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் உண்மையுள்ள இருதயத்தைத் தாரும். எங்கள் மலைகளுக்கு மழையையும், எங்கள் ஓடைகளுக்கு நீரையும் கட்டளையிடும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.